முடிவை முதலில் எழுதுவதா, கடைசியில் எழுதுவதா?

"ஒத்துழையாமை இயக்கம் எந்த அளவுக்கு வெற்றி பெற்றது? மதிப்பிடுக." வரலாற்றுத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால் பெரும்பாலானவர்கள் சாதகம் ஒரு பத்தி, பாதகம் ஒரு பத்தி எழுதிவிட்டு, "ஆகவே இரண்டும் உண்டு" என்று முடிப்பார்கள். பாதுகாப்பான வழிதான். ஆனால் மணி அடித்துவிட்டால் அந்தக் கடைசி வரியும் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது வெறும் பட்டியல்.

இன்னொரு வழி, முடிவை முதல் வரியிலேயே போட்டு உடைப்பது: "பொருளாதார அடி பலமாக விழுந்தது, ஆனால் நிலைக்கவில்லை." சரி, சொன்னால் போதுமா? ஆதாரம் வேண்டும். 1921-க்கும் 1922-க்கும் இடையில் அந்நியத் துணி இறக்குமதி 102 கோடி ரூபாயிலிருந்து 57 கோடியாக இறங்கியது. அது ஏன் நீடிக்கவில்லை? கதர், ஆலைத் துணியைவிட விலை அதிகம், ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அரசுப் பள்ளிகளுக்கு மாற்றான தேசியப் பள்ளிகள் மெதுவாகவே வந்ததால் மாணவர்கள் அரசுப் பள்ளிகளுக்கே திரும்பினார்கள். 1922 பிப்ரவரியில், சௌரி சௌரா என்ற ஊரில் நடந்த வன்முறைக்குப் பிறகு காந்தியே இயக்கத்தை நிறுத்தினார்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஒருதலைப்பட்சமாகப் போய்விடும் ஆபத்து இதில் உண்டு, மறுப்பதற்கில்லை. எந்தப் பக்கம் என்று உங்களுக்கே பிடிபடவில்லையா? முதல் வழியிலேயே போங்கள். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அந்தக் காரணம் எவ்வளவு கனமானது என்று ஒரு வரி சேருங்கள்.