ஊரில் கிரியேட்டினின் பார்க்கப் போகிறீர்களா?

லண்டனிலிருந்து திருநெல்வேலிக்கு மூன்று வார லீவில் போனபோது பெற்றோருக்கு யூரியா, கிரியேட்டினின் பார்த்தோம். சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுகள் இவை. காலை ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். மதியமே வாட்ஸப்பில் ரிப்போர்ட். இந்த வேகம் லண்டனில் கிடைக்காது.

குறை ரிப்போர்ட்டில்தான். 'கிரியேட்டினின் 1.1, நார்மல் 0.6–1.2', அதோடு முடிந்தது. இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) வரியே இல்லை. எழுபது வயது அம்மாவுக்கு அந்த 1.1 நிம்மதி தரும் எண் அல்ல. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. வயதான பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் சிறுநீரகம் தளர்ந்த பிறகும் எண் 'நார்மல்' கட்டத்துக்குள்ளேயே நிற்கும். கிரியேட்டினின், வயது, பாலினம் வைத்துக் கணக்கிடும் சிகேடி-எபி 2021 சூத்திரத்தில் அவருக்கு இஜிஎஃப்ஆர் 54. அதே 1.1 நாற்பது வயது மகனுக்கு 87! 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

கணக்கை ஆன்லைன் கால்குலேட்டரில் நீங்களே போடலாம், யூனிட்டை மட்டும் பாருங்கள். ஊரில் மில்லிகிராம்/டெசிலிட்டர், பிரிட்டனில் மைக்ரோமோல்/லிட்டர். 88.4ஆல் பெருக்கினால் 1.1 என்பது 97 ஆகும்.

ஊருக்கு வந்தவர்களுக்காக முதல் நாள் இரவு மட்டன் குழம்பு கொதிக்கும். வெந்த கறியே கிரியேட்டினினை ஏற்றிவிடும், பரிசோதனைக்கு முன் 12 மணி நேரம் கறி, மீன் வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் போனாலும் ஏறும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தையே பாதிக்கும், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிரியேட்டினினை அளக்க இரண்டு முறைகள் உண்டு, லேபில் 'ஜாஃபே முறையா, என்சைமேட்டிக்கா?' என்று கேளுங்கள். கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் பொருள்) இருந்தாலோ சர்க்கரை மிக ஏறியிருந்தாலோ ஜாஃபே கூட்டிக் காட்டும், மஞ்சள் காமாலையில் குறைத்துக் காட்டும். என்சைமேட்டிக்கில் இந்தக் குழப்பம் குறைவு.

மிக மெலிந்தவர்களுக்கு கிரியேட்டினினை மட்டும் நம்ப முடியாது, தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் புரதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மாத்திரையும் சிஸ்டாட்டின் எண்ணை மாற்றும் என்பதால் அவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கூடவே காலை முதல் சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டுவது) பாருங்கள்: 30 மில்லிகிராம்/கிராமுக்கு மேல் போனால், இஜிஎஃப்ஆர் நன்றாக இருந்தாலும் விடக்கூடாது.

மூன்று வார லீவுக்குள் மூன்று மாதம் அடங்காது. விமானம் ஏறுமுன் அதே லேபில், அதே முறையில் அடுத்த பரிசோதனைக்குத் தேதி குறித்து, அதை வீட்டுக் காலண்டரில் எழுதிவிடுங்கள்.