மொரிஸ் மைனர் பிக்கப்புக்கு ரிம்மும் ரயரும்: மூன்று வருடம் ஓடிய பிறகு

கொக்குவிலில் இருக்கிற தம்பி ஒருவர் போன கிழமை போன் எடுத்தார். "அண்ணை, ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் விலைக்கு வந்திருக்கு. எஞ்சின் நல்லம். ரயர் நாலும் போச்சு. நீங்கள் என்ன போட்டு ஓடுறியள்?" அரை மணித்தியாலம் கதைத்தும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். எஞ்சின், கியர்பெட்டி பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. இது சில்லைப் பற்றி மட்டும்.

என்னுடையது 1098 சீசீ எஞ்சின் போட்ட வண்டி, அப்பா வாங்கியது. கிழமையில் மூன்று நாள் நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு கோப்பாய், இருபாலை வழியாகத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறது. பொலிஷ் போட்டு வளவுக்குள் நிறுத்திவைக்கிற வண்டியில்லை, உழைக்கிற வண்டி. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

2022 இல் பழைய ரயர்களின் பக்கம் வெடித்து உள்ளே நூல் தெரியத் தொடங்கியது. பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் எது கேட்டாலும் கடையில் கையை விரித்தார்கள். 14 அங்குலத்தில் ஒடுக்கமான ரயர் வேண்டும் என்றால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: சுசுகியின் சின்னக் கார் வேகன் ஆரின் சைஸ். யாழ்ப்பாணத்தில் வேகன் ஆர் நுழையாத ஒழுங்கை இல்லை. அதனால் 155/65 ஆர் 14 தேடாமலே கிடைக்கும் (155 மில்லிமீற்றர் அகலம், பக்க உயரம் அதில் 65 வீதம், ஆர் என்றால் ரேடியல் என்ற இன்றைய வகை, ரிம் 14 அங்குலம்). ஒரு கடையில், "ரிம்மோடயே எடுங்கோ அண்ணை, அதுவும் நாலு நட்டுத்தானே, அப்பிடியே இருக்கும்" என்றார்கள். எடுத்தேன்.

கையால் தள்ளவே போல்டில் ஏறி உட்கார்ந்தது. நட்டும் இறுகியது. சந்தேகப்பட ஒரு காரணமும் இருக்கவில்லை. மணிக்கு 30 மைல் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. 35 இல் கண்ணாடியும் சேர்ந்து அதிர்ந்தது.

அந்த ஆட்டத்துக்காக நான் செலவழித்த காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒருவர் ரை-ரொட் என்றார், மாற்றினேன். இன்னொருவர் முன்சில்லைத் தாங்கித் திருப்புகிற புரி மூட்டான ட்ரனியன் என்றார், அதையும் மாற்றினேன். ட்ரனியன் மைனரின் பலவீனமான இடம் என்பது உண்மை. கிறீஸ் அடிக்காமல் விட்டால் ஒருநாள் முன்சில்லு மடிந்து விழும். ஆனால் என்னுடையது நல்ல நிலையில்தான் இருந்தது. கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தபோது புரி தேயாமல் அப்படியே இருந்தது. மாற்றச் சொன்னவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஒருநாள் இருபாலைச் சந்தியில் வண்டியை நிறுத்தித் தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். முன் இடது சில்லில் ஒரு நட்டைச் சுற்றிப் பளபளவென்று இரும்புத் தூள். விரலால் தொட்டதும் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் இறுக்கிய நட்டு கையால் திரும்பியது. பின்னால் பதினெட்டுக் குலை ஏற்றியிருந்தது.

காரணம் 1.6 மில்லிமீற்றர். மைனரின் நாலு போல்டும் நிற்கிற வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். வேகன் ஆரில் அது 100. அவ்வளவு வித்தியாசம் இருந்தால் ரிம் ஏறாதே என்று கேட்பீர்கள். மைனரின் போல்ட் எட்டில் மூன்று அங்குலம், கிட்டத்தட்ட 9.5 மில்லிமீற்றர். வேகன் ஆர் ரிம்மில் உள்ள துளை 12 மில்லிமீற்றர் போல்டுக்காகப் போட்டது. துளை பெரிதென்பதால் ஏறிவிடும். ஆனால் நட்டின் கூம்பு துளைக்குள் நடுவாக அமராது, ஒரு பக்க விளிம்பில் மட்டும் குந்தியிருக்கும். ஓட ஓட அந்த விளிம்பை அரைக்கும். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் இறுகித்தான் இருக்கும். கடைக்குத் திரும்பிப் போய் அந்தத் தூளைக் காட்டினேன். "எத்தனையோ பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கிறம்" என்றார்கள். அந்த எத்தனையோ பேர் பாரம் ஏற்றி ஓடுகிறார்களா என்று கேட்டேன். பதில் இல்லை.

உயரக் கணக்கும் பிழைத்தது. அந்த ரயர் நிலத்திலிருந்து 557 மில்லிமீற்றர். மைனருக்கு 600 அளவில் வேண்டும். வண்டி இரண்டு சென்ரிமீற்றர் பதிந்து, வேக மீற்றர் 40 மைல் காட்டும்போது உண்மையில் 37 தான் ஓடியது.

சரி, இனி ரிம். யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் கேட்டேன், கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு ஆள் வைத்துத் தேடினேன். பழைய ஒஸ்ரின் மினியின் ரிம்முக்கும் அதே 4 அங்குல வட்டம்தான், ஆனால் அதன் உயரம் 10 அங்குலம், எங்களுக்கு உதவாது. மைனர் ரிம் இரண்டு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. ஒன்று சாவகச்சேரியில் ஒரு வளவில், தண்ணீர்த் தாங்கிக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஐயா ஒருவர் தாங்கியை இறக்கி, கல் வைத்து மாற்றி, ரிம்மை எடுத்துத் தந்தார். காசு நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். வண்டியோடு வந்த ரிம்களில் இரண்டு தேறின. ஆக மொத்தம் ஐந்து.

ஒவ்வொன்றையும் வண்டியில் பூட்டி, ஜக்கி வைத்துத் தூக்கி, செங்கல்லில் ஓர் ஆணியைக் கட்டி விளிம்புக்குக் கிட்ட நிறுத்திச் சுற்றிப் பார்த்தேன். ஒன்று ஆணியிலிருந்து மூன்று மில்லிமீற்றர் விலகி மீண்டும் கிட்ட வந்தது. அதை ஸ்பெயர் என்று ஒதுக்கினேன். செலவில்லாத வேலை, அரை நாள் போதும். ரிம் வாங்குகிற எவரும் இதைச் செய்யாமல் ரயர் பூட்டக்கூடாது.

ரயரில்தான் எதிர்பாராத சந்தோசம். 2014 க்குப் பிறகு வந்த ரொயோட்டா புரோபொக்ஸ் வானுக்கு 155/80 ஆர் 14. உயரம் 604 மில்லிமீற்றர். மைனருக்கென்றே அளவெடுத்த மாதிரி. பாரம் ஏற்றுகிற வானுக்குச் செய்தது என்பதால் பக்கச்சுவரும் தடிப்பு. முதலில் காட்டிய சோடியின் பக்கத்தில் 2315 என்று இருந்தது. 2015 ஆம் ஆண்டு இருபத்திமூன்றாம் கிழமை செய்தது என்று அர்த்தம். புதுசு என்று பேப்பர் சுற்றி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். வேறு இடத்தில் நல்ல திகதியில் நாலும் எடுத்தேன்.

பழைய ரிம்மின் உள்விளிம்பில், ரயர் நழுவாமல் பிடிக்க இன்றைய ரிம்களில் இருக்கிற மேடு இல்லை. ஆகவே ரியூப் கட்டாயம். எங்கள் ஊர் ஒட்டுக்காரர் ரயருக்குள் ஒட்டியிருந்த கடதாசித் துண்டுகளை எல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தார். அதன் ஓரம் உரசி உரசியே ரியூப் ஓட்டையாகுமாம். பிறகு முகத்துக்குப் பூசுகிற பவுடரை உள்ளே கொட்டி, ரயரை உருட்டி, எல்லா இடமும் வெள்ளையாகப் படிந்ததைக் கை விட்டுத் தடவிப் பார்த்த பின்தான் ரியூப்பை வைத்தார். மூன்று வருடத்தில் ஒரு ஆணி குத்தியதைத் தவிர ஒட்டே இல்லை.

மாரி மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்கிறது. பழைய ரயரில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். குலை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும்போது அப்பாவின் காலத்தில் இல்லாத ஒரு நிதானம். இரண்டு ரயருக்குத்தான் காசு இருக்கிறதென்றால் இந்த மாதிரி ரேடியலைப் பின்னுக்குப் போடுங்கள். முன்னுக்கு ரேடியலும் பின்னுக்கு ரேடியல் அல்லாத பழைய வகையுமாக ஓடவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆட்டம் முழுதாகப் போகவில்லை. பலன்ஸ் பார்க்கிற மெசினில் சில்லை நடு ஓட்டையால் பிடிக்கிறார்கள். மைனர் ரிம் நடு ஓட்டையால் நிற்பதில்லை, நாலு நட்டின் கூம்பால்தான் நடுவாகிறது. ஆகவே மெசின் ஒரு மையத்தில் சுற்றுகிறது, வண்டி வேறொரு மையத்தில் சுற்றுகிறது. இதை இரண்டு இடத்தில் விளங்கப்படுத்தினேன். "மெசின் பிழை காட்டாது" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பொடியன் நான் சொன்னதை வடிவாகக் கேட்டு, உள்ளே போய் நாலு கால் உள்ள ஒரு தட்டைத் தூசி தட்டி எடுத்துவந்தான். துளைகளால் பிடித்துச் சுற்றினான். முன்பு 85 கிராம் ஈயம் கேட்ட சில்லு 25 கிராமில் அடங்கியது. அன்று 45 மைலில் ஓடினேன், ஸ்டியரிங்கில் இரண்டு விரல் மட்டும் வைத்து.

இதெல்லாம் சொன்னபின் தம்பிக்கு நான் சொல்லும் முடிவு: நாலு ரிம்மையும் பார்க்காமல் அந்த வண்டியை இப்போது வாங்க வேண்டாம்.

முந்தநாள்தான் ஸ்பெயரை இறக்கிக் கழுவினேன். அது அப்பாவின் ரிம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ரயர் கிடையாது, பெற்றோல் கிடையாது. மண்ணெண்ணெயில் வண்டி ஓடியது. ரயர் வெடித்தால் உள்ளே இன்னொரு ரயர்த் துண்டை வெட்டி வைத்து ஓட்டினார். 1995 ஒக்டோபர் கடைசியில் போரினால் வலிகாமமே எழும்பிப் போனபோது, அம்மம்மாவையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு கைதடிப் பக்கம் ஊர்ந்து போனதும் அந்தச் சில்லில்தான். சேறு போனதும் ஒரு துளையிலிருந்து அடுத்த துளையை நோக்கி மயிரிழை போல ஒரு கோடு. ஊத்தை என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. வெல்டிங் வைக்கலாம் என்கிறார்கள். போல்ட் துளைக்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்த ரிம்மை நான் பாரத்தோடு ஓடவிடமாட்டேன். ஆறாவது ரிம்முக்கு எங்கே போவது?

ரயர் நல்லது. நூறு தரம் சொல்வேன். ஆனால் நாலு நல்ல ரிம் இல்லாத மைனர் பிக்கப்புக்கு, எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இன்றைக்கு நான் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன். தம்பி, விற்கிறவரிடம் நாலு சில்லையும் கழற்றிக் காட்டச் சொல்லும். அதற்கு முன் ஞாயிறு காலமை நீர்வேலிக்கு வாரும். இந்த ரிம்மைக் கொட்டிலுக்கு வெளியே வெயிலில் சாத்தி வைத்திருக்கிறேன். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் துளையைச் சுற்றி நகத்தால் இழுத்துப் பாரும், வெடிப்பு நகத்தில் தட்டுப்படும்.