வீட்டுக்கு வரும் செவிலியர் சேவை: எண்ணை எடுக்கும் முறையும் எடுத்துச் சொல்லும் முறையும்

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் அம்மாவைக் கவனித்துக்கொள்ள, திருச்சியில் இயங்கும் ஒரு வீட்டுச் செவிலியர் சேவையை அமர்த்தினோம். அம்மாவுக்கு வயது 76. ரத்த அழுத்தத்துக்கு நெடுங்காலமாக மாத்திரை எடுத்துக்கொள்பவர். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஒரே நிறுவனத்திலிருந்து பகலுக்கு ஒருவரும் இரவுக்கு ஒருவருமாக வந்த இருவரிடையே அத்தனை வேறுபாடு இருந்தது. ஆகவே எந்த நிறுவனத்தை அழைத்தாலும், வருகிறவர் வைட்டல்ஸ் எப்படிப் பார்க்கிறார், நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனிக்கத் தெரிந்திருப்பதுதான் குடும்பத்தினருக்கு உதவும்.

வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு, இப்போதெல்லாம் ஆக்சிஜன் அளவையும் சேர்த்தே வைட்டல்ஸ் என்கிறார்கள். இவற்றுள், பார்ப்பவரின் பயிற்சியை உடனே காட்டிக்கொடுப்பது மூச்சு எண்ணிக்கை. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவது இயல்பு. தன் மூச்சை ஒருவர் எண்ணுகிறார் என்று தெரிந்தாலே அதன் போக்கு மாறிவிடும் என்பதால், நோயாளியிடம் சொல்லாமலேயே எண்ணும்படி செவிலியர் படிப்பில் கற்றுத்தருகிறார்கள். பகலில் வந்தவர் ஜி.என்.எம். என்ற செவிலியர் படிப்பை முடித்தவர். அவர் அம்மாவின் மணிக்கட்டில் விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுவார். எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், நாடி பார்ப்பதுபோலவே அமர்ந்து, புடவைத் தலைப்பு ஏறி இறங்குவதைக் கவனித்தபடி இன்னொரு நிமிடம் மூச்சை எண்ணுவார். அதற்குப் பிறகுதான் பேச்சுக் கொடுப்பார்.

இரவுக்கு வந்த உதவியாளரின் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக மூச்சு 18 என்றே இருந்தது. அம்மாவுக்குச் சளி பிடித்து, பகலில் 24 வரை போன அன்றைய இரவும் அதே 18 தான். உடல்நிலை மோசமாவதை முதலில் காட்டும் அறிகுறிகளில் மூச்சு எண்ணிக்கையும் ஒன்று. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடுதல்), மூச்சு 21ஐத் தொட்டால் 2 மதிப்பெண், 25ஐத் தொட்டால் அந்த வரிசைக்குரிய உச்ச மதிப்பெண்ணான 3. அந்த இடத்தில் எண்ணாமலே ஓர் எண்ணை எழுதி வைப்பது, எழுதாமல் விடுவதைக் காட்டிலும் ஆபத்தானது. காலியான கட்டத்தைப் பார்த்தால் மருத்துவர் காரணம் கேட்பார். 18ஐப் பார்த்தால் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ரத்த அழுத்தம் பார்ப்பதிலும் இதே வேறுபாடு தெரிந்தது. பகல் செவிலியர் வந்தவுடன் கருவியின் பட்டையைக் கையில் சுற்றமாட்டார். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னிக்கொள்ளாமல் பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடமாவது அம்மா அமர்ந்திருக்க வேண்டும். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் பார்ப்பார். ரவிக்கைக் கையை மேலேற்றிவிட்டு, வெறும் தோலின்மேல் பட்டையைச் சுற்றி, இதயத்தின் மட்டத்துக்கு வரும்படி கையைத் தலையணைமேல் வைப்பார். அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும் அம்மா, பட்டை இறுகத் தொடங்கியதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பானவர். பேசினால் அளவு கூடிவிடும். இரவு உதவியாளரோ ரவிக்கையின்மேலேயே பட்டையைச் சுற்றி, கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டதில் அன்பு இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பித்தானே மறுநாள் மாத்திரை தீர்மானமாகிறது!

பகல் செவிலியர் வாரம் ஒருமுறையாவது ஸ்டெதஸ்கோப் வைத்துக் கையாலும் பார்த்துவிடுவார். காற்றை மெல்ல இறக்கும்போது முதல் தட்டல் ஒலி கேட்கும் இடம் மேல் அளவு, ஒலி மறையும் இடம் கீழ் அளவு. ருஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்காவ் 1905இல் விவரித்த அதே முறை. நாடி சீரற்று இருக்கும் முதியவர்களிடம் தானியங்கிக் கருவி தடுமாறக்கூடும் என்பதால் இந்தச் சரிபார்ப்பு அவசியம் என்றார். அவர் எழுதும் குறிப்பும் அதற்கேற்றதாக இருந்தது: "காலை 6.30. ரத்த அழுத்தம் 138/84, வலது கை, உட்கார்ந்த நிலை. நாடி 84, சீரானது." எந்தக் கை, எந்த நிலை என்ற குறிப்பு இல்லாவிட்டால் இன்றைய அளவை நேற்றைய அளவோடு வைத்துப் பார்க்க முடியாது. நிறுவனம் தந்த அச்சுப் படிவத்தில் இதற்கென ஒரு கட்டம்கூட இல்லை. மூச்சு எண்ணிக்கையையும் ஓரத்தில் கோடு போட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. கட்டணம் வாங்கும் நிறுவனம் முதலில் திருத்த வேண்டியது இந்தப் படிவத்தைத்தான்.

வெப்பநிலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அக்குளில் எடுத்தால் வாயில் எடுப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். எங்கே வைத்து எடுத்தார் என்று எழுதினால் போதும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்குக் கூடுதல் கவனம் தேவை. கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளிலும் இந்தக் கருவி இருக்கிறது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்தி அது கணக்கிடுவதால், நகப்பூச்சோ, அடர்ந்து சிவந்த மருதாணியோ, குளிர்ந்த விரலோ அளவைத் தவறாகக் காட்டச் செய்யலாம். அம்மாவுக்கு ஒரு நாள் 91 என்று காட்டியபோது செவிலியர் பதறவில்லை. முதலில் முகத்தையும் உதட்டின் நிறத்தையும் பார்த்தார். அம்மா வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேச முடிகிறதா என்று கவனித்தார். பிறகு கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை காத்திருந்தார். 96 வந்தது. இரண்டு எண்களையும் காரணத்தோடு எழுதி வைத்தார்.

இந்தச் சேவைக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று எனக்கு உறுதியானது வேறொரு காலையில். வாக்கரைப் பிடித்து எழுந்த அம்மா, "கிறுகிறுன்னு வருதும்மா" என்றார். செவிலியர் உடனே படுக்கவைத்து, ஐந்து நிமிடம் கழித்து அழுத்தம் பார்த்தார்: 142/80. பிறகு தாங்கிப் பிடித்து நிற்கவைத்து, முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பார்த்தார்: 114/70. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அதை நிலைமாற்றத்தால் வரும் அழுத்த வீழ்ச்சியாகக் கொள்வார்கள். முதியவர்கள் தடுமாறி விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உட்காரவைத்து மட்டும் பார்த்திருந்தால் அது தெரியவே வந்திருக்காது.

அதன்பின் அவர் மருத்துவருடன் தொலைபேசியில் பேசியதை அருகிலிருந்து கேட்டேன். யார் பேசுகிறேன், யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று தொடங்கி, "எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறது, விழவில்லை" என்றார். அறுவை சிகிச்சை நடந்ததையும், காலையில் நீர் பிரியும் மாத்திரை கொடுத்திருப்பதையும் சொன்னார். படுத்த அளவையும் நின்ற அளவையும் நாடியையும் வரிசையாகப் படித்துவிட்டு, "நாளைக் காலை மாத்திரையைக் கொடுக்கலாமா, நேரில் அழைத்து வர வேண்டுமா?" என்ற கேள்வியோடு நிறுத்தினார். அமெரிக்கக் கடற்படையில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்பார் என்ற முறை இது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை. ஒரு நிமிடத்துக்குள் மருத்துவர் முடிவு சொல்லிவிட்டார். மறுநாள் நேரில் பார்த்து மாத்திரையின் அளவைக் குறைத்தார். அன்றிலிருந்து அம்மா கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் அமர்ந்த பிறகே எழுகிறார்.

நோயாளியிடம் பேசும் முறைக்குத் தனியாக மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பகல் செவிலியர் முதல் நாளே தன் பெயரையும், எத்தனை மணி வரை இருப்பார் என்பதையும் அம்மாவிடம் நேராகச் சொன்னார், "உங்கள எப்படிக் கூப்பிடட்டும்மா?" என்றும் கேட்டார். சிறிய விஷயமாகத் தோன்றும். முதியோர் மருத்துவரான கேட் கிரேஞ்சர், தானே புற்றுநோயாளியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கவனிக்க வருகிறவர்களில் பலர் பெயர்கூடச் சொல்வதில்லை என்று கண்டு, "ஹலோ, மை நேம் இஸ்" என்ற இயக்கத்தை 2013இல் பிரிட்டனில் தொடங்கினார். இரவு உதவியாளர் அம்மாவின் தலைக்குமேலாக எங்களைப் பார்த்து "பாட்டி மாத்திரை போட்டாங்களா?" என்று கேட்பார். எதிரிலேயே அமர்ந்திருந்த அம்மாவின் முகம் வாடிப்போகும்.

வலியைக் கேட்பதிலும் தேர்ச்சி தெரிந்தது. பூஜ்யம் முதல் பத்து வரை எவ்வளவு என்று கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் "பரவாயில்லம்மா" என்பதற்குமேல் சொல்லமாட்டார்கள். செவிலியர் கேட்டது இப்படி: "கீழ விழுந்த அன்னைக்கு இருந்த வலி பத்துன்னா, இப்ப எவ்வளவும்மா?" அம்மா யோசித்து, "உக்காந்தா ரெண்டு, நடந்தா ஆறு" என்றார். பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு முன் வலி மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு அந்தப் பதிலிலிருந்துதான் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மாத்திரைக்கு நேரே எஸ்.ஓ.எஸ். என்று இருந்ததை, உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் என்று நினைத்து அம்மா அதுவரை தொடாமல் இருந்திருக்கிறார். தேவைப்படும்போது என்பதே அதன் பொருள் என்று விளக்கி, ஓ.டி. என்றால் நாளுக்கு ஒன்று, பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கப்போகும்போது என்று ஒரு தாளில் எழுதி மாத்திரைப் பெட்டியிலேயே ஒட்டிக்கொடுத்தார். மருத்துவமனையை விட்டு வெளியேறும் நேரத்து அவசரத்தில் இதையெல்லாம் யாரும் விளக்குவதில்லை.

நிறுவனத்தின்மீது எனக்குள்ள பெரிய குறை, உதவியாளரையும் செவிலியர் என்றே சொல்லி அனுப்பியதுதான். ஏ.என்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. படித்து முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். குளிப்பாட்டவும் உடைமாற்றவும் கைபிடித்து நடத்தவும் உதவியாளர் போதும். அந்த வேலைகளை எங்களுக்கு வந்தவர் முகம் சுளிக்காமல் செய்தார். வைட்டல்ஸ் பார்க்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அவருடைய குற்றமில்லை. நான் புகார் சொன்னபோது மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டாரே தவிர, பயிற்சி பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

முன்பணம் கட்டும் முன், வருகிறவரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். முதல் நாள் வைட்டல்ஸ் பார்க்கும்போது கூடவே இருங்கள். ஷிப்ட் மாறும்போது இருவரும் நோயாளியின் முன்னிலையில் குறிப்பேட்டைப் படித்து ஒப்படைக்கும்படி கேளுங்கள். எங்களுக்கு அது வாயளவில் வாசற்படியிலேயே முடிந்துகொண்டிருந்தது. பகல் செவிலியரை இன்னும் தொடர்கிறோம், அந்தப் பணிக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரவுப் பணியை நிறுத்திவிட்டோம். பதிவு பெற்ற செவிலியரை அனுப்புவதாக எழுத்தில் தந்தாலொழிய இரவுக்கு இவர்களை மறுபடி அழைப்பதாக இல்லை.