பவளத் தொட்டியில் பாஸ்பேட் குறைக்க: ஜிஎஃப்ஓவா, லாந்தனமா, கீட்டோவா?

பாஸ்பேட் மீட்டர் 0.4 பிபிஎம் (லிட்டருக்கு 0.4 மில்லிகிராம்) காட்டியதும் எதையாவது ஊற்றி உடனே இறக்கிவிடத்தான் கை பரபரக்கும். ஆனால் மாதக்கணக்கில் 0.4-இல் வாழ்ந்து பழகிய பவளம், இரண்டே நாளில் 0.02-க்கு வந்தால் தாங்காது. முனைகள் வெளுக்கும், எஸ்பிஎஸ் எனும் சிறு பாலிப் கல்பவள வகைகளில் அடிப்பகுதியிலிருந்து திசு உரிய ஆரம்பிக்கும். அதனால் எந்த வழியானாலும் நான் முதலில் பார்ப்பது, அதன் வேகம் நம் கட்டுப்பாட்டில் இருக்குமா என்பதைத்தான். வாரத்துக்கு 0.05 பிபிஎம்முக்கு மேல் இறக்க வேண்டாம் என்பேன். 0.4-இலிருந்து 0.1-க்கு வர ஆறு வாரம் ஆகும், ஆகட்டும்.

தண்ணீர் மாற்றினாலே போதாதா? 300 லிட்டர் தொட்டியில் 0.4 பிபிஎம் என்றால் தண்ணீரில் இருப்பது 120 மில்லிகிராம் பாஸ்பேட். பத்து சதவீதம் ஆர்ஓ டிஐ முறையில் வடிகட்டிய நல்ல தண்ணீரில் கலக்கிய உப்புநீரால் மாற்றினால் 12 மில்லிகிராம் வெளியே போகும். காய்ந்த ஃப்ளேக் உணவில் பாஸ்பரஸ் ஏறக்குறைய ஒரு சதவீதம் இருக்கும். ஒரு கிராம் போட்டால் பாஸ்பேட் கணக்கில் சுமார் 30 மில்லிகிராம் உள்ளே வந்துவிடுகிறது. அப்புறம் கல்லும் இருக்கிறது. சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் அளவு குறையும்போது மெல்ல விடுகிறது. தண்ணீர் மாற்றுவது அவசியம்தான், ஆனால் ஏறிப்போன பாஸ்பேட்டை அது மட்டும் இறக்காது.

உண்மையான போட்டி ஜிஎஃப்ஓவுக்கும் லாந்தனம் குளோரைடுக்கும் இடையில்தான். ஜிஎஃப்ஓ என்பது இரும்பு ஆக்ஸைடு குருணை. தண்ணீர் அதன் வழியே போகும்போது பாஸ்பேட் அதில் ஒட்டிக்கொள்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கில் ஆரம்பியுங்கள். தூசி போக ஆர்ஓ தண்ணீரில் அலசி, ரியாக்டரில் (தண்ணீரைக் குருணை வழியே செலுத்தும் பாத்திரம்) போட்டு, மேல்மட்டக் குருணை மட்டும் லேசாக அசையும்படி ஓட்டத்தை வையுங்கள். வேகமாகச் சுழன்றால் குருணை உரசிப் பொடியாகித் தொட்டிக்குள் வரும். ரியாக்டரிலிருந்து வரும் தண்ணீரிலும் தொட்டியிலும் ஒரே அளவு காட்டினால் குருணை தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். கல்லிலிருந்து வருவதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் பலமுறை மாற்ற நேரும், செலவுதான். ஆனால் பவளம் சுருங்குவது தெரிந்தால் ரியாக்டரை நிறுத்திவிடலாம். என் கண்ணில் இதன் பெரிய பலம் இதுதான்.

லாந்தனம் மலிவு, வேகம் அதிகம். பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத வெண்பொடியாகிவிடும். அந்தப் பொடியைப் பிடிக்க 5 மைக்ரான் வடிகட்டிப் பை வேண்டும். மருந்தை ஆர்ஓ தண்ணீரில் நன்றாகக் கரைத்து, பல மணி நேரத்துக்குச் சொட்டுச் சொட்டாக அந்தப் பைக்குள்ளேயே விட வேண்டும். கார்பனேட்டையும் அது பிடிப்பதால் ஆல்கலினிட்டியும் (பிஎச் சரியாமல் காக்கும் தாங்குதிறன்) இறங்கும். பொடி தப்பிவந்து டாங் மீன்கள் மூச்சு வாங்கியதாகத் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். விட்ட சொட்டைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஆயிரக்கணக்கான லிட்டர் கொண்ட பெரிய அமைப்புகளில் ஜிஎஃப்ஓ கட்டுப்படியாகாது, அங்கே லாந்தனம் சரி. வீட்டுத் தொட்டியில், உயிரினம் எதுவும் இல்லாத தனி டப்பில் பழைய கல்லை ஊறவைத்துச் சுத்தம் செய்ய மட்டுமே அதை எடுப்பேன்.

அலுமினிய ஆக்ஸைடு உருண்டைகளும் வேலை செய்யும். ஆனால் லெதர் கோரல் எனும் மென்பவளம் இருக்கும் தொட்டியில் வேண்டாம், அது மூடிக்கொள்ளும்.

வோட்கா, வினிகர் போன்ற கார்பன் வழிகள் பாக்டீரியாவை வளர்த்து ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) வழியாக வெளியேற்றுபவை. ரெஃபூஜியம் எனும் தனி அறையில் வளரும் கீட்டோ பாசியும் இதே மாதிரி உயிரை வளர்த்து வெளியே எடுப்பதுதான். இரண்டுக்குமே நைட்ரஜன் பல மடங்கு வேண்டும். கடல் மிதவை உயிர்களில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 16 நைட்ரஜன் அணு இருக்கிறது. உங்கள் நைட்ரேட் ஏற்கெனவே பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பாஸ்பேட் நகரவே நகராது. நைட்ரேட்டும் ஏறியிருந்தால், இரண்டில் கீட்டோவே என் தேர்வு. கார்பன் அளவு மிஞ்சினால் தண்ணீர் பால்போல் கலங்கி ஆக்ஸிஜன் இறங்கும். கீட்டோ மெதுவாகத்தான் இழுக்கும், இரவில் அதற்கு விளக்கெரித்தால் பிஎச் இறக்கத்தையும் தணிக்கும். வளர்ந்ததைப் பிடுங்கி வெளியே போட்டால்தான் பலன். ஜிஎஃப்ஓவால் 0.1 வரை இறக்கிவிட்டு, அங்கே நிலைநிறுத்தும் பொறுப்பைக் கீட்டோவிடம் விடலாம்.

எங்கே நிறுத்துவது? பாஸ்பேட் அதிகமானால் பவள எலும்புக்கூட்டின் அடர்த்தி குறைகிறது என்பதை 1990-களில் கிரேட் பேரியர் ரீஃபின் ஒன் ட்ரீ தீவில் நடந்த சோதனை காட்டியது. நைட்ரஜன் நிறைய இருந்து பாஸ்பேட் பட்டினி கிடந்தால் பவளம் எளிதில் வெளுக்கிறது என்பதை 2013-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூஜ்யத்துக்கு இறக்கிய தொட்டியில் டைனோ எனும் நுண்பாசி பழுப்புச் சளியாகப் படர்வதும் உண்டு. 0.03-க்கும் 0.1-க்கும் இடையில் நிறுத்துங்கள். ஹன்னா எச்ஐ774 மீட்டரிலேயே பிழை ±0.02 பிபிஎம் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு அளவை நம்பி குருணையைக் கூட்டாமல், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள்.