வன்னியை அளக்க எந்தப் புத்தகம்? அரச புள்ளிவிபர வெளியீடுகள் பற்றி ஒரு மதிப்பீடு

பிரதேச அபிவிருத்தி, பிரதேச ஏற்றத்தாழ்வு என்று தலைப்பெடுத்து ஆய்வு செய்ய இறங்குபவருக்கு, இலங்கையின் வட மாகாணத்து வன்னி (மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்கள்) பற்றி முதலில் கைக்கு வருபவை நான்கு வெளியீடுகள்: வீட்டு வருமான செலவின அளவீடு, குடிசன வீட்டுவசதித் தொகைமதிப்பு, மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல், மத்திய வங்கியின் மாகாண உற்பத்திக் கணக்கு. முதல் மூன்றும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகள். அறிக்கைகளை இணையத்தில் காசு கொடுக்காமல் எடுக்கலாம். ஆனால் நான்கும் ஒரே தரமல்ல. மேடையிலும் பத்திரிகையிலும் அதிகம் அடிபடுவது முதலாவது. வன்னிக்கு உண்மையில் கைகொடுப்பது, யாரும் விரித்துப் பார்க்காத இரண்டாவது.

வருமான செலவின அளவீட்டிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான். 2009/10 சுற்றில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் சேர்க்கப்படவில்லை. ஆகவே வன்னி முழுவதற்கும் இந்தத் தொடர் 2012/13இல்தான் பிறக்கிறது. அந்தச் சுற்றில் வறுமை முல்லைத்தீவில் 28.8 வீதம், மன்னாரில் 20.1, கிளிநொச்சியில் 12.7, வவுனியாவில் 3.4, நாடு முழுவதற்கும் 6.7. அடுத்த சுற்று 2016. கிளிநொச்சி 18.2, முல்லைத்தீவு 12.7, வவுனியா 2.0, மன்னார் 1.0, நாடு 4.1. மன்னாரில் நூறு பேரில் இருபது பேர் ஏழைகளாக இருந்து, மூன்று நான்கு ஆண்டுக்குள் ஒரே ஒருவர் ஆகிவிட்டாராம். பக்கத்துக் கிளிநொச்சியில் அதே காலத்தில் வறுமை ஏறியிருக்கிறதாம். இரண்டையும் அப்படியே எடுத்து "மன்னாரின் வெற்றி, கிளிநொச்சியின் தோல்வி" என்று அத்தியாயம் எழுதினால் கட்டுரை அங்கேயே கவிழ்ந்துவிடும்.

காரணம் மாதிரியின் அளவு. நாடு முழுவதற்கும் எடுப்பது 25,000 வீட்டலகுகள். 25 மாவட்டங்களுக்குப் பிரித்தால் சிறிய மாவட்டத்துக்குச் சில நூறுதான் மிஞ்சும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவட்டத்துக்கு 400 வீடுகள் என்றும், கொத்துக் கொத்தாக மாதிரி எடுப்பதால் மாறற்றிறன் (எண்கள் சிதறும் அளவு) இரண்டு மடங்காகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது முல்லைத்தீவின் 12.7 என்பது உண்மையில் 8க்கும் 17க்கும் இடையில் எங்கோ ஓரிடம். கிளிநொச்சியின் 18.2 என்பது 13க்கும் 24க்கும் இடையில். இரண்டு வீச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எந்த மாவட்டம் கூடுதல் ஏழை என்று இந்தத் தரவால் சொல்ல முடியாது. அறிக்கையின் பின்பக்க அட்டவணைகளில் நியம வழு, அதாவது மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்ற அளவு, இருக்கும். முதலில் பார்க்கவேண்டிய பக்கம் அதுதான்.

இன்னொரு பள்ளம் 2019 சுற்றில் இருக்கிறது. முல்லைத்தீவு 44.5 வீதம், நாட்டிலேயே அதிகம், கொழும்பு 2.3. இந்த 44.5ஐ 2016இன் 12.7க்குப் பக்கத்தில் வைத்து "மூன்று ஆண்டில் மூன்றரை மடங்கு" என்று எழுதக்கூடாது. இடையில் வறுமைக் கோடே, அதாவது ஏழை என்று கணிக்கும் மாதச் செலவின் எல்லையே, மாறிவிட்டது. பழைய கோடு 2002ஐ அடியாண்டாகக் கொண்டது, 2016இல் ஆளொருவருக்கு மாதம் 4,166 ரூபா. புதிய கோடு 2012/13ஐ அடியாண்டாகக் கொண்டது, 2019இல் 6,966 ரூபா. விலையேற்றம் மட்டும் இந்த இடைவெளியை நிரப்பாது. அளக்கும் கோலையே மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது சரியான வேலைதான், பழைய கோடு நாள்பட்டுப் போயிருந்தது. ஆனால் ஒரே கோட்டில் கணித்த சுற்றுகளை மட்டுமே ஒப்பிடலாம்.

அப்படியென்றால் இதைத் தூக்கி எறிவதா? இல்லை. நான்கு மாவட்டங்களையும் ஒரே தொகுதியாகச் சேர்த்து, "வன்னி" எதிர் "ஏனைய நாடு" என்று பார்த்தால் வழு சுருங்கும். செலவில் உணவின் பங்கு, கடன், வருமான மூலம் போன்றவை அப்போது பேசத் தொடங்கும். அதற்கு அறிக்கை போதாது, வீடு வீடாக விடைகள் உள்ள அலகுத் தரவுக் கோப்பு வேண்டும். கோப்பில் நிறைக்காரணி என்று ஒரு நிரல் இருக்கும்; மாதிரியில் உள்ள ஒரு வீடு எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்பது அது. அதைப் பெருக்காமல் சராசரி எடுப்பது மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி நடக்கும் பிழை. முழுக்கோப்புக்குப் பதிலாக துணைமாதிரி ஒன்று கிடைத்தால், வேலை தொடங்கும் முன் 42 முதல் 45 வரையுள்ள மாவட்டக் குறியீடுகளில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். (மன்னார் 42, வவுனியா 43, முல்லைத்தீவு 44, கிளிநொச்சி 45.) நூறு வரி கூட இல்லையென்றால் மாவட்ட மட்டப் பகுப்பாய்வைக் கைவிடுவதுதான் மரியாதை.

மாகாண உற்பத்திக் கணக்கு பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மேல் மாகாணம் ஐந்தில் இரண்டு பங்கைச் சாப்பிடுகிறது, வட மாகாணம் ஐந்து வீதத்தை எட்டுவதில்லை என்ற அளவுக்கு அது உதவும். மாவட்டமாக உடைத்துத் தருவதில்லை. யாழ்ப்பாணத்து வங்கியும் கடையும் கல்வி நிலையமும் முல்லைத்தீவின் துணுக்காயின் கணக்கிலும் சேர்ந்து "வடக்கு" ஆகிவிடும். வன்னி ஆய்வுக்கு முன்னுரையில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இனித் தொகைமதிப்பு. 2012 தொகைமதிப்பு, 1981க்குப் பிறகு முழு நாட்டையும் எண்ணிய முதல் கணக்கு. 2001இல் வடக்கு கிழக்கில் முழுமையாக எண்ண முடியவில்லை. இதன் பலம் கிராம அலுவலர் பிரிவு வரை இறங்குவது. கிளிநொச்சியில் 95, முல்லைத்தீவில் 136, வவுனியாவில் 102, மன்னாரில் 153: மொத்தம் 486 பிரிவுகள். நான்கு மாவட்டச் சராசரிகளுக்குப் பதிலாக 486 புள்ளிகள். கூரை, சுவர், நிலம் (வீட்டுத் தரை), குடிநீர், வெளிச்சம், சமையல் எரிபொருள், மலசலகூடம் எல்லாம் பிரிவு வாரியாக. மாதிரி வழு கிடையாது. ஏ9 வீதியோரப் பிரிவும் அதிலிருந்து பத்து மைல் உள்ளே கிடக்கும் பிரிவும் ஒரே மாவட்டத்துக்குள் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை இதில்தான் காணலாம்.

ஆனால் இதன் அடியாண்டில் ஒரு கோணல் உண்டு. எண்ணியது 2012 மார்ச்சில். போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது அந்த ஆண்டு செப்ரெம்பரில். அதாவது முல்லைத்தீவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த சில ஆயிரம் பேர் எண்ணும் நாளில் செட்டிகுளத்தில், வவுனியா மாவட்டக் கணக்கில் இருந்தார்கள். அவர்களின் ஊர்ப் பிரிவுகளில் சில வெறுமையாகவோ அரைகுறையாகவோ கிடந்தன. இப்போது 2024 தொகைமதிப்பின் முதற்கட்ட முடிவைப் பாருங்கள்: முல்லைத்தீவு 92,238இலிருந்து 122,542, ஆண்டுக்கு 2.23 வீத வளர்ச்சி, நாட்டிலேயே அதிகம். வவுனியா 0.01 வீதம், நாட்டிலேயே குறைவு. இதைப் பிறப்பு வீதமென்றோ அபிவிருத்தியின் ஈர்ப்பென்றோ படிக்கும் முன், எவ்வளவு பேர் வீடு திரும்பினார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கிழக்குக் கரையிலுள்ள புதுக்குடியிருப்பு, கரைத்துறைப்பற்று பிரிவுகளுக்கு 2012ஐ அடியாண்டாக வைத்து வளர்ச்சி வீதம் கணிக்கவே வேண்டாம். 2012இன் முதற்கட்ட எண்களும் இறுதி எண்களும் வேறு என்பதையும் கவனியுங்கள்: கிளிநொச்சிக்கு 112,875 என்றும் 113,510 என்றும் இரண்டும் இன்னும் சுற்றுகின்றன. இறுதியானது பின்னது.

குறிகாட்டிகளிலும் எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்து எடுங்கள். மண்ணெண்ணெய் விளக்கு 2012இல் பிரிவுகளை நன்றாகப் பிரித்துக் காட்டியது. மின்சாரம் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் வந்தபின் அது செத்துவிட்டது. குடிநீர் இன்னும் சிக்கல். "வளவுக்குள் பாதுகாக்கப்பட்ட கிணறு" என்று விழுந்தால் நல்ல வகை. கிளிநொச்சியின் பூநகரியில் கிணறு வளவுக்குள்தான் இருக்கும், கட்டும் இருக்கும், தண்ணீர் உவர். குடிக்க பவுசர் வரவேண்டும். படிவத்தில் உவருக்குக் கட்டம் இல்லை. வீடும் அப்படியே: சுவர் சீமெந்துக்கல், கூரை ஓடு என்றால் நிரந்தரம். போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். அந்தக் காசு முடிந்த இடத்தில் பூச்சும் கதவும் நின்றுபோன வீடும், அடைவுகடைக்குப் போன சங்கிலியும் அட்டவணையில் தெரியாது. எங்கள் தெரிவு: மலசலகூட வகை, நிலத்தின் வகை, சமையல் எரிபொருள் மூன்றையும் எடுத்து, குடிநீரைத் தனியாக களத்தில் விசாரிப்பது.

அட்டவணைகளை இணைக்கும்போது பெயரை நம்பாதீர்கள். ஒரே ஊர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக வரும். குறியீட்டால் இணையுங்கள். எக்செலில் திறந்ததும் 005 என்பது 5 ஆகிவிடும், முன்பூச்சியம் விழுந்துவிடும். திறக்கும் முன் அந்த நிரலை எழுத்து வகையாக மாற்ற வேண்டும். வெலிஓயா பிரிவு முல்லைத்தீவோடு பின்னர் சேர்ந்தது, ஆகவே ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் கொண்ட பழைய அட்டவணையையும் ஆறு கொண்ட புதியதையும் அப்படியே கழித்துப் பார்க்க முடியாது.

ஏற்றத்தாழ்வுச் சுட்டியைத் தேர்வதிலும் வன்னி காணாமல் போகும் ஆபத்து உண்டு. வில்லியம்சன் 1965இல் தந்த, குடித்தொகையால் நிறையிட்ட மாறற்குணகம் (பிரதேசங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு, ஆட்கள் கூடிய பிரதேசத்துக்குக் கூடிய நிறை) எல்லோரும் பாவிப்பது. 2012இல் நான்கு வன்னி மாவட்டங்களும் சேர்ந்து 477,433 பேர், நாட்டில் 2.3 வீதம். நிலமோ ஏறக்குறைய 12 வீதம். வன்னியின் வருமானம் பாதியானாலும் இரட்டித்தாலும் நிறையிட்ட சுட்டி கொஞ்சம்தான் அசையும். நிறையிடாததையும் பக்கத்தில் கொடுங்கள். ஏற்றத்தாழ்வை அளக்கும் இன்னும் இரு சுட்டிகளில், கினியை விட தைல் சுட்டி இங்கே வசதி: மாவட்டங்களுக்கு இடையில் எவ்வளவு, மாவட்டத்துக்குள் எவ்வளவு என்று மிச்சமில்லாமல் பிரித்துத் தரும்.

கைநூலுக்கு வருவோம். கச்சேரியிலுள்ள புள்ளிவிபரக் கிளையின் வேலை. பாடசாலை, வைத்தியசாலை, நெல், மீன், கால்நடை எல்லாம் ஒரே பிடிஎஃப்பில். ஒவ்வொரு அட்டவணையும் வெவ்வேறு திணைக்களம் கொடுத்தது, ஆகவே வரைவிலக்கணமும் வெவ்வேறு. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள "மூலம்" வரியைப் படிக்காமல் எண்ணை எடுக்காதீர்கள். கிராம அலுவலர் பதிவிலிருந்து வந்த குடும்ப எண்ணிக்கை தொகைமதிப்பை விடக் கூடுதலாக இருக்கும். காணி வன்னியிலும் குடியிருப்பு யாழ்ப்பாணத்திலுமாக இருப்பவர் பதிவை வெட்டுவதில்லை. தலைக்கு எத்தனை என்று கணிக்கும்போது பகுதியும் தொகுதியும் ஒரே மூலத்திலிருந்து வரவேண்டும்.

நெல் அட்டவணையில் அலகு மாறும். கமநல சேவை நிலையம் ஏக்கரிலும் புசலிலும் பேசும், திணைக்களம் ஹெக்டயரிலும் கிலோவிலும். புசல் 20.86 கிலோ, ஹெக்டயர் 2.471 ஏக்கர். ஏக்கருக்கு 80 புசல் என்றால் ஹெக்டயருக்கு 4,120 கிலோவுக்குக் கிட்ட. வரம்பு கழித்த பரப்பா கழிக்காததா என்பதையும் தலைப்பில் பாருங்கள். கிளிநொச்சியின் சிறுபோகப் பரப்பு இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு ஊஞ்சலாடும். ஐந்தாண்டுச் சராசரிக்குக் குறைவாக எதையும் எடுக்காதீர்கள்; காலபோகத்தை (பெரும்போகத்தை) தனியாக வையுங்கள்.

புத்தகத்தில் இல்லாததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். வராவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. "வறுமை பற்றிய தகவல் தருக" என்று எழுதினால் கைநூலின் பிரதிதான் திரும்பி வரும். கண்டாவளை பிரதேச செயலகப் பிரிவில், இன்ன திகதியில், ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் கோடையில் பவுசரில் குடிநீர் பெறும் குடும்பங்கள் எத்தனை என்று கேளுங்கள். கடைசி வரியில் "எக்செல் கோப்பாக, மின்னஞ்சலில்" என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முத்திரை குத்திய நிழற்பிரதி வரும். முத்திரை விழுந்த இடத்தில்தான் மொத்தமும் இருக்கும்.