ரிக்வெஸ்டா, செஷனா, அப்ளிகேஷனா: எதில் வைப்பது?

தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகிறவர்களுக்கு பஸ் டிக்கெட் விற்கும் தளம் ஒன்றை ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் ஏறி பினாங்கின் சுங்கை நிபோங் நிலையத்தில் இறங்கும் பயணம். பயணி தேர்ந்தெடுத்த பஸ்ஸின் விவரத்தை எங்கே வைப்பது? சர்வரில் முக்கியமாக மூன்று இடங்கள், அதாவது ஸ்கோப்கள், உண்டு: பிரவுசரின் ஒரு கோரிக்கைக்கு மட்டுமான ரிக்வெஸ்ட், ஒரு பயனரின் வருகை முழுவதற்குமான செஷன், தளம் முழுவதற்கும் பொதுவான அப்ளிகேஷன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் புரோகிராம் எழுதும் தம்பிகளைக் கேட்டால், "செஷன்ல போட்டுடலாம் அண்ணே" என்பார்கள். சுலபம்தான். ஆனால் பயணி ஒரு டேபில் போகிற பஸ்ஸையும் இன்னொன்றில் திரும்புகிற பஸ்ஸையும் பார்ப்பார். ஒரே பிரவுசர், செஷனை அடையாளம் காட்டும் ஒரே ஜேசெஷன்ஐடி குக்கி, ஆகவே ஒரே செஷன். இரண்டும் ஒரே பெயரில் சேமிக்கப்பட்டால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும். முதல் டேபில் பணம் கட்டினால் கைக்கு வருவது திரும்பும் டிக்கெட்!

ரிக்வெஸ்டில் இந்தத் தொல்லை இல்லை. பதில் போனதும் அதன் ஆயுள் முடிந்தது. சர்வருக்குள்ளேயே அடுத்த பக்கத்துக்கு ஃபார்வர்ட் செய்தால் உள்ளிருப்பது கூடவே வரும். பிரவுசரை வேறு முகவரிக்குப் போகச் சொல்லி ரீடைரக்ட் செய்தால் புது ரிக்வெஸ்ட், பழையது காலி. அதனால் பஸ் எண்ணை முகவரியிலோ ஃபார்மில் கண்ணுக்குத் தெரியாத மறைபுலத்திலோ அனுப்பிவிடுவேன். என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, செஷன் எதற்கு? லாகின், மொழித் தேர்வு போன்றவற்றுக்கு. ஜாவா தளங்களை ஓட்டும் டோம்கேட் சர்வரில் 30 நிமிடம் சும்மா இருந்தால் செஷன் காலாவதியாகும், அதுதான் இயல்பமைப்பு. பயணி பிரவுசரை மூடிப் போனாலும் சர்வருக்குத் தெரியாது, அந்த 30 நிமிடமும் ஆப்ஜெக்ட் மெமரியில் கிடக்கும். திருவிழாக் கூட்டத்தில் இது சிறிய அளவு இல்லை.

அப்ளிகேஷன் ஸ்கோப் எல்லாருக்கும் பொது. நிலையங்களின் பட்டியல் போல மாறாத விஷயங்களுக்கு நல்லது. மீதமுள்ள இருக்கைகளை மட்டும் அங்கே எண்ணாதீர்கள்: இரண்டு சர்வர் ஓடினால் இரண்டு எண்ணிக்கை இருக்கும். அது டேட்டாபேஸின் வேலை.

பக்கத்தை உருவாக்கும் ஜேஎஸ்பி கோப்பின் பேஜ் ஸ்கோப் அந்தப் பக்கத்தோடு சரி.

இந்தக் கணக்கில் சேராத ஒன்றுதான் உண்மையில் ஆபத்து: ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் சர்வ்லெட் கிளாஸின் ஃபீல்ட், அதாவது அந்த கிளாஸுக்குள் அறிவித்த மாறி. வழக்கமாக ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரே ஆப்ஜெக்ட்தான், ஒரே நேரத்தில் ரிக்வெஸ்டுகளைக் கவனிக்கும் எல்லா த்ரெட்டும் அதையே தொடும். அங்கே வைத்த ஒருவரின் ஐசி (அடையாள அட்டை) எண் இன்னொருவர் திரையில் வரலாம். ஒருவராகச் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் கன்ட்ரோலரும் இயல்பாகவே சிங்கிள்டன் (ஒரே ஒரு ஆப்ஜெக்ட்) என்பதால் அங்கும் இதே கதை.