குடியாத்தம் பக்கம் வயதான அப்பா இருக்கிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்

எங்கள் நைனாவுக்கு 71 வயது. குடியாத்தத்தில் நாற்பது வருடம் தறியில் லுங்கி நெய்தவர். இரண்டு வருடம் முன்பு அம்மா போனதிலிருந்து சாப்பாடு என்பது அவருக்குப் பேருக்குத்தான். காலையில் டீ, பன். மதியம் தயிர்சோறு, ஊறுகாய். ராத்திரிக்கும் அதில் மிச்சம். நான் வேலூரில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதான் போவேன்.

அவர் காலையில் நடக்கப் போகும் மைதானத்து வாசலில் 'ஊட்டச்சத்து மையம்' என்று சொல்லிக்கொண்டு சிலர் மேஜை போட்டிருந்தார்கள். இலவசப் பரிசோதனை. வெறுங்காலோடு மெஷினில் ஏறி நின்றால் கொழுப்பு இத்தனை, தசை இத்தனை, "ஐயா, உங்க உடம்புக்கு வயசு 84" என்று சீட்டு வரும். மனுஷன் பயப்படாமல் என்ன செய்வார்? அந்த மெஷின் காலில் லேசான மின்சாரத்தை விட்டு, உடம்பில் எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. உடம்பில் நீர் கூடினாலோ குறைந்தாலோ கணக்கும் மாறும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காலை டிபனும் ராத்திரிச் சாப்பாடும் வேண்டாம், இரண்டு வேளையும் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடித்தால் போதும் என்றார்கள். மூட்டு வலி, சர்க்கரை எல்லாம் போய்விடுமாம். மாதம் 4,200 ரூபாய். ஜிபே போட்டது நான்தான். அப்பாவைக் கவனித்துக்கொள்கிறோம் என்ற திருப்தி வேறு.

மூன்று மாதத்தில் 58 கிலோ 52 ஆனது. போன் போட்டுக் கேட்டேன். "கொழுப்பு கரையுது சார், நல்லதுதானே." நைனாவிடம் கரைய எங்கே கொழுப்பு இருந்தது? அப்புறம் ஒருநாள் பஸ் படியில் கால் வைத்தவரால் உடம்பைத் தூக்க முடியவில்லை. கண்டக்டர் கைகொடுத்தார். தரையில் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் தேவைப்பட்டது. நானும் வயசாச்சு என்றுதான் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

டாக்டர் முதலில் மாத்திரை எதுவும் எழுதவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். நைனாவுக்கு 19 விநாடி ஆனது. 12 விநாடி ஆனாலே கவனிக்க வேண்டுமாம். இந்த வயதில் முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் அது நல்ல சேதி இல்லை, கொழுப்போடு தசையும் போகும் என்றார். பவுடரைத் திட்டவில்லை, சோற்றைப் பிடுங்கிவிட்டுப் பவுடரைக் கொடுத்ததைத்தான் திட்டினார்.

வீட்டுக்கு வந்து டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். ஒரு வேளை அளவில் 9 கிராம் புரதம், விலை 70 ரூபாய். இரண்டு முட்டையில் 12 கிராம் கிடைக்கும், எங்கள் தெருவில் 14 ரூபாய். வயதானவர்களுக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்று டாக்டர் சொன்ன கணக்கில் பார்த்தால், நைனாவுக்கு நாளைக்கு 58 கிராம். இரண்டு ஷேக்கில் 18. மீதி தயிர்சோற்றில் வருமா?

பணம் திரும்பக் கேட்டேன். "சீல் உடைச்சிட்டீங்களே." பில் கேட்டால் கையால் எழுதிய துண்டுச் சீட்டு. டப்பாவில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் ஒழுங்காகவே இருந்தது. அது உணவு விற்க உரிமம், நோய் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. மூட்டு வலி, சர்க்கரைப் பேச்செல்லாம் வாயால் சொன்னது, காகிதத்தில் ஒரு வரி கிடையாது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு, உடைக்காத இரண்டு டப்பாவுக்கு மட்டும் பணம் வந்தது. பில் வாங்காமல் விட்டது என் முட்டாள்தனம்.

இப்போது பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதம் பணம் கொடுத்துச் சமைக்கச் சொல்லியிருக்கிறேன். களியோடு கொள்ளுக் கடைசல், முட்டை, சாயங்காலம் ஒரு கை அவித்த வேர்க்கடலை, ராத்திரி பால். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் பார்த்த பிறகுதான் டாக்டர் இதற்குச் சம்மதித்தார். சாப்பாடு மட்டும் போதாது என்று நாற்காலியில் எழுந்து உட்காருவதையே பத்துப் பத்தாக மூன்று தடவை செய்யச் சொல்லியிருக்கிறார். நைனா அதைத் திட்டிக்கொண்டே செய்கிறார். எடை 54 ஆகியிருக்கிறது, 19 விநாடி 15 ஆகியிருக்கிறது. பஸ் கம்பியை இன்னும் இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார்.

அந்த மேஜை அங்கேயேதான் இருக்கிறது. போன ஞாயிறு நைனாவோடு நடந்தபோது என்னையும் மெஷினில் ஏறச் சொன்னார்கள்.